குகைக்குப் புதுசா வாறவங்களுக்கு எதைச் சொல்றது, எப்படிச் சொல்றது?

2024 மார்ச் 3 | வத்தளைப் பொடியன் கேட்டது

வெசாக் லீவுக்கு நாங்க ஆறு பேர் ஒரு குகைக்குப் போகப் பிளான். போன் டோர்ச் போதும்தானே? பயங்காட்டாமச் சொல்லுங்க. இன்னொண்ணு. குகையைக் காப்பாத்துங்க, கவனமாப் போங்கன்னு எழுதுறவங்களாலதான் அங்க கூட்டமே கூடுது, எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருந்தா குகையும் பாட்டுக்கு இருக்கும்னு என் ஃபிரெண்ட் சொல்றான். சரியா, பிழையா?

மார்ச் 3, இரவு | டோர்ச் குமார், கொட்டாஞ்சேனை

போதாது.

மார்ச் 4

ஒரே சொல்லில் முடித்ததற்கு மூன்று பேர் ஏசிவிட்டார்கள். விரிவாகச் சொல்கிறேன்.

போனைப் பிடிக்க ஒரு கை வேண்டும். ஈரப் பாறையில் இறங்கும்போது மனிசனுக்கு இரண்டு கையே காணாது. அதே போனில்தான் படம் எடுப்பீர்கள், வேனில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்திருப்பீர்கள், குகை வாசலில் இறங்கும்போதே பாதிச் சார்ஜ் போயிருக்கும். ஆளுக்கு மூன்று வெளிச்சம் வேண்டும். தலையில் ஒன்று, காற்சட்டைப் பையில் ஒன்று, முதுகுப் பையில் ஒன்று. போன் நாலாவது. இது நான் கண்டுபிடித்த கணக்கு இல்லை, எந்த நாட்டில் குகைக்குப் போகிறவர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

ஆறு பேருக்குப் பதினெட்டு விளக்கா, புறக்கோட்டையில் டோர்ச் விற்கிறவன் வேறு என்ன சொல்வான் என்று நினைப்பீர்கள். விற்கிறவன்தான். அதனால்தான் சொல்கிறேன்: எந்தக் கடையில் வாங்கினாலும் பெட்டரியை நிறுத்து வாங்குங்கள்.

மார்ச் 5

"பெட்டரியை நிறுத்தினா டோர்ச் எப்படி எரியும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தராசில் நிறுக்கச் சொன்னேன் ஐயா.

18650 என்று ஒரு பெட்டரி. 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம், பெயரிலேயே அளவு இருக்கிறது. அதற்குள் இன்றைக்கு அடைக்கக்கூடிய மின்சாரம் கிட்டத்தட்ட 3500 எம்ஏஎச். மேலுறையில் 9900 என்று அடித்திருந்தால் அது பொய். நல்ல செல் 45 கிராம் அளவில் நிற்கும். போலி கையில் எடுக்கும்போதே இலேசாக இருக்கும், சிலதை உரித்துப் பார்த்தால் உள்ளே சின்னச் செல் ஒன்றை வைத்து மிச்சத்தை அடைத்திருப்பார்கள்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நாலு வருடத்துக்கு முன் நானே கடையிலிருந்து அப்படி ஒன்றை எடுத்துப்போய் மாட்டினேன். பத்து மணி நேரம் எரியும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நானே சொல்லி விற்ற சாமான். குகைக்குள் 40 நிமிடத்தில் மங்கியது. மங்கும்போது ஒரு மஞ்சள் நிறம் வரும் பாருங்கள், நெஞ்சு அந்த நிறத்தில்தான் அடிக்கும். என்னோடு ஐந்து பேர், அதில் என் மச்சினியின் மகள் ஒன்பது வயசு. அவளிடம் இருந்த பொம்மை டோர்ச்சில்தான் வெளியே வந்தோம். இளஞ்சிவப்பு நிறம், பூனை முகம்.

திங்கட்கிழமை அந்தப் பெட்டியை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இதை இனி நான் விற்க மாட்டேன் என்றேன். கொஞ்ச நாளில் வேறு கடைக்கு மாறிவிட்டேன். அது வேறு கதை.

மார்ச் 10

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரு கிழமை யோசித்தேன். அந்த ஃபிரெண்ட் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

பிரான்சில் லாஸ்கோ குகையை 1940இல் சில பையன்கள் கண்டுபிடித்தார்கள். 1948இல் மக்களுக்குத் திறந்தார்கள். 1963இல் மூடிவிட்டார்கள். போனவர்கள் யாரும் சுவரில் கிறுக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. மூச்சுவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து, பல்லாயிரம் வருட ஓவியத்தின் மேல் பாசி பிடிக்க வைத்துவிட்டன. ஆகவே ஆள் போனாலே சேதம்தான், எவ்வளவு நல்ல ஆளாக இருந்தாலும்.

மற்றப் பாதி பொய் என்பதற்கு ஆதாரம் நானே. நான் பிறந்தது பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டம். எங்கள் லயத்துக்கு மேலே, பாறைக்கு அடியில் ஒரு குகை. அதைப் பற்றி யாரும் எதிலும் எழுதியதில்லை, போட்டோ போட்டதில்லை. அப்போது போட்டோவுக்கு எங்கே போவது. எல்லாரும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார்கள். 1993இல் அப்பாவின் கவ்வாத்துக் கத்தியை எடுத்துப்போய் அந்தச் சுவரில் என் பெயரை வெட்டினேன். வெட்டாதே என்று சொல்லவும் ஒருத்தர் இருக்கவில்லை. கத்தியின் வாய் போனதற்கு அடி விழுந்தது, சுவருக்காக விழவில்லை.

வெட்டியது இதுதான்: "குமார் 1993 ஸ்கொலர்சிப் பாஸ்." ரிசல்ட் அப்போது வந்திருக்கவில்லை. வந்தபோது ஃபெயில்.

மார்ச் 26

மெதின் போயா லீவோடு ஊருக்குப் போயிருந்தேன். கொழும்பிலிருந்து மூன்று பொடியன்களையும் கூட்டிப்போனேன், அந்தக் குகையையும் காட்டினேன். என் பெயர் அப்படியே இருக்கிறது. எழுத்தின் பள்ளத்தில் பாசி பிடித்து, முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது. சுற்றிவரப் புதுப் பெயர்கள். ஒரு ஆள் பெயின்ற் டின்னோடு வந்திருக்கிறான். என் எழுத்தைப் பார்த்துத்தான் மற்றவன் எழுதினான் என்று நிரூபிக்க முடியாது, ஆனால் எல்லாப் பெயரும் என் பெயரைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஒரு சுவர் முழுக்கச் சும்மா கிடக்கிறது, அங்கே ஒருத்தனும் எழுதவில்லை.

கையோடு கம்பி பிரஷ் கொண்டுபோயிருந்தேன். தேய்த்தேன். "பாஸ்" போய்விட்டது. மிச்சத்தை அடுத்த முறை பார்ப்போம்.

மார்ச் 28

மேலே எழுதியது பிழை. அழிக்காமல் விடுகிறேன், பார்த்துத் திருந்துவதற்கு.

தொல்லியல் படித்த ஒரு தங்கச்சி நேற்று என்னை நன்றாகக் கிழித்தார். நீங்கள் கிறுக்கியது ஒரு சேதம், தேய்த்தது இரண்டாவது சேதம் என்றார். கம்பி பிரஷ் பாறையின் மேல்தோலையே எடுத்துவிடும், எழுத்து இருந்த இடம் வெள்ளைத் தழும்பாக நின்றுவிடும். அதற்கு அடியிலோ பக்கத்திலோ பழைய கோடு ஏதும் இருந்திருந்தால் அதுவும் போச்சு. இந்த நாட்டில் மலைக்குகைகள் பல பழைய மனிதர் இருந்த இடம். புளத்சிங்கள பாஹியங்கல, குருவிட்ட பட்டதொம்பலென, கித்துல்கல பெலிலென மூன்றிலும் பல்லாயிரம் வருடத்துக்கு முந்திய எலும்பும் கல்லாயுதமும் எடுத்திருக்கிறார்கள். தரையில் கிடக்கும் சாம்பல் மண்ணைச் சப்பாத்தால் கிண்டினாலே சரித்திரம் கலைந்துவிடும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, சுத்தம் செய்கிறேன் என்று கை வைத்தாலும் குற்றம்தான். திணைக்களத்துக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் ஆளை அனுப்பினால் உண்டு, அனுப்பாவிட்டால் எழுத்து அங்கேயே இருக்கட்டும் என்றார்.

ஆக இப்போது சுவரில் "குமார் 1993 ஸ்கொலர்சிப்" என்று நிற்கிறது. பொய்யின் வால் மட்டும் வெட்டுப்பட்டிருக்கிறது.

மார்ச் 28, கொஞ்சம் பிந்தி

"ஆயிரம் வருசம் போனா உங்க பேரும் தொல்பொருள்தான் அண்ணே, சீகிரியாவில கிறுக்கினவங்க இப்ப கவிஞர் இல்லையா" என்று ஒருவர் பகிடி விட்டிருக்கிறார். அங்கே கண்ணாடி மாதிரி மினுக்கிய கண்ணாடிச் சுவரில் தொல்லியலாளர் பரணவிதான படித்துப் பதிப்பித்த பழைய பாட்டு 685. உண்மைதான். அதே சுவரில் 2015இல் ஒரு தமிழ்ப் பிள்ளை தன் பெயரைக் கிறுக்கி இரண்டு வருடச் சிறைத் தீர்ப்பு வாங்கினாள், பிறகு ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தாள். அது நடந்தபோது கடையில் எல்லாரும் இனவாதம் என்று கத்தினோம். நானும் கத்தினேன். கத்திக்கொண்டே அந்த 1993 கத்தியை நினைத்தேன், வெளியே சொல்லவில்லை. அவளிடம் முதலே யாராவது ஒருவர் அவளுக்கு விளங்கும் தமிழில் சொல்லியிருந்தால் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

வவுனியா பெரிய புளியங்குளத்தில் ஒரு குகைக்கு மேல் பிராமி எழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறது: தமிழ் வணிகன் விசாகன். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழசு. ஆனால் அவர் குகையைச் செம்மையாக்கித் துறவிகளுக்குக் கொடுத்துவிட்டுப் பெயரை வெட்டினார். நான் என்னத்தைக் கொடுத்தேன்?

ஏப்ரல் 2

எந்தக் குகை, லொக்கேசன் அனுப்புங்க என்று கேட்டு இதுவரை பதினொரு பேர். அனுப்ப மாட்டேன். பெரியாள் காட்டுவதற்கு இல்லை. லொக்கேசன் போட்டால் வருகிறவன் லொக்கேசனை மட்டும்தான் கொண்டு வருவான்.

ஏப்ரல் 21

மேலே எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். புதுவருட லீவில் வீட்டுக்கு வந்த சொந்தக்காரப் பொடியன் ஒருவன் நான் மறைத்து வைத்திருக்கும் சுண்ணாம்புக் குகையைத் தன் போனில் 15 செக்கன் வீடியோவாகக் காட்டினான். கீழே வழி எல்லாம் போட்டிருக்கிறது. நான் மட்டும்தான் இரகசியம் காத்துக்கொண்டிருக்கிறேன், மகாராசா மாதிரி.

ஆகவே பெயர் தெரிந்த, எல்லாருக்கும் திறந்த இடங்களைச் சொல்கிறேன். கொழும்பில் இருக்கிறவர்கள் முதலில் கொரத்தோட்டை விகாரைக்குப் போங்கள், கடுவளைப் பக்கம்தான். இல்லாவிட்டால் யக்கலைக்குக் கிட்ட பிலிக்குத்துவ. இரண்டும் கற்குகைகள், விழுவதற்குப் பள்ளம் இல்லை, தொலைவதற்குச் சுரங்கம் இல்லை. "இது குகையா?" என்று பொடியன்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அண்ணாந்து பாறையின் நெற்றியைப் பாருங்கள். உளியால் ஒரு வரி வெட்டியிருப்பார்கள், சிங்களத்தில் கட்டாரம் என்பார்கள். மேலே இருந்து வழிந்து வரும் மழைத்தண்ணி அந்த வரியில் வந்து அறுந்து வெளியே சொட்டும், உள்ளே ஏறாது. இரண்டாயிரம் வருடமாக அப்படித்தான் சொட்டிக்கொண்டிருக்கிறது. மழை நாளில் போய் அந்த ஒழுக்குக்கு உட்புறமாக நின்று பாருங்கள், தண்ணி எங்கே வரும், எங்கே வராது என்று பாறையைப் படிக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்கும்.

சப்பாத்தையும் தொப்பியையும் கழற்ற வேண்டும், தோள் மூட வேண்டும். ஹெல்மெட்டோடு புத்தர் முன்னால் போய் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். அது நான் இல்லை.

ஏப்ரல் 21

சரி, நான்தான்.

மே 7

முன்பெல்லாம் புதுசாக வருகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் 22 விதி அனுப்புவேன். தொடாதே, எறியாதே, கத்தாதே, தனியே போகாதே என்று. 22க்கும் இரண்டு கட்டைவிரல் வரும். ஒரு அக்கா ரோசாப்பூப் போட்டுக் குட்மோர்னிங் அனுப்புவார். குகைக்குள் போனதும் முதல் ஆள் முதல் வேலையாகக் கூரையிலிருந்து தொங்கும் ஒரு கல்விழுதைப் பிடித்துக்கொண்டு "படம் எடுங்க" என்பார்.

இப்போது விதி அனுப்புவதில்லை. உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் ஒரு இடத்தில் உட்காரச் சொல்வேன். சுண்ணாம்புக் குகையின் கூரையில் மெல்லிய வெள்ளைக் குழல்கள் தொங்கும், சோடா குடிக்கிற ஸ்ட்ரோ மாதிரியே, உள்ளே பொள்ளல். அதன் நுனியில் ஒரு துளி நிற்கும். டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் துளியின் விளிம்பில் பொடி மாதிரி ஒரு வெள்ளை வளையம் தெரியும். அதுதான் சுண்ணாம்பு, துளி விழும்போது விட்டுப்போகிற கூலி. துளி விழும்வரை எண்ணுங்கள் என்பேன். போன தடவை ஒரு பிள்ளை 212 வரை எண்ணினாள். 150க்கு மேல் ஒருவரும் கதைக்கவில்லை. விழுந்ததும் எல்லாரும் ஆ என்றார்கள், கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தது மாதிரி.

பிறகுதான் சொல்வேன்: இடத்துக்கு இடம் மாறும், பொதுவாக வருடத்துக்கு 0.1 மில்லிமீற்றர் அளவில் வளரும் என்று. விரலில் உள்ள எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் சுண்ணாம்பு ஒட்டாது, கறுத்துப்போய் வளர்ச்சி நின்றுவிடும் என்று. 212 எண்ணிய பிள்ளை அதன் பிறகு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தாள். அதுவும் நல்லதில்லை, சறுக்கினால் கை வேண்டும். அதையும் சொல்ல வேண்டியிருந்தது.

டோர்ச் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்காரவைக்கும் பழக்கமும் எனக்கு உண்டு. கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தாலும் தெரியாத இருட்டு. ஒரு தடவை அந்த இருட்டின் நடுவில் பச்சையாக ஒரு வெளிச்சம் வந்து "இன்று இன்னும் 4,000 காலடி நடக்க வேண்டும்" என்றது. ஒரு அண்ணரின் கைக்கடிகாரம்.

மே 9

குகைக்குள் கற்பூரம் கொளுத்தலாமா என்று கேட்டவருக்கு. உள்ளே வேண்டாம். புகை கூரையில் கறுப்பாக ஏறும், ஈரத்தில் கழுவுப்படாது. வௌவால் இருக்கும் குகையென்றால் அதுகளுக்குக் கண்ணீர்ப்புகை அடித்தது மாதிரி. எங்கள் பெரியம்மா இராவணன் இருந்த இடம் என்று கற்பூரப் பெட்டியோடு வந்தார். அவரிடம் சுற்றுச்சூழல் கதைத்து வெல்ல முடியுமா? "வாசல்ல வச்சுக் கும்பிட்டுட்டு அனுமதி கேட்டுத்தான் பெரியம்மா உள்ள போகணும்" என்றேன். வெளியே கல்லின் மேல் ஏற்றினார். ஆறிய கரியைத் தாளில் மடித்துக் கைப்பைக்குள் வைத்ததும் அவரேதான், நான் சொல்லவில்லை.

வெற்றிலை போடுகிறவர்கள் வேனிலேயே துப்பிவிட்டு வாருங்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

மே 25

வத்தளைப் பொடியன் எழுதியிருக்கிறான்: "வெசாக்குக்குப் போனோம் அண்ணா. வழியெல்லாம் மழை. ஆனா குகை வாசலில தண்ணி முழங்காலுக்குக் கீழதான். ஒருத்தன் பயந்ததால திரும்பிட்டோம். போயிருக்கலாம். வேன் காசு வீண்."

பயந்தவனுக்கு என் சார்பில் ஒரு பிளேன்டி வாங்கிக் கொடு.

ஜூன் 5

இந்தக் கிழமை இரத்தினபுரி, களுத்துறைப் பக்கம் வெள்ளம் வந்ததைப் பார்த்திருப்பீர்கள். பொடியனுக்கு அன்றைக்கு ஒரு வரியில் பதில் சொன்னது காணாது.

தாய்லாந்தில் தம் லுவாங் குகையை எல்லாருக்கும் தெரியும். 2018 ஜூன் 23, உதைபந்தாட்டப் பொடியன்கள் 12 பேரும் பயிற்சியாளர் ஒருவரும் உள்ளே போனார்கள். ஜூலை 2இல்தான் உயிரோடு இருப்பது தெரிந்தது, ஜூலை 10இல் கடைசி ஆள் வெளியே வந்தார். இடையில் ஜூலை 6இல் முன்னாள் கடற்படைச் சுழியோடி ஒருவர், சமான் குனான், காற்றுச் சிலிண்டர் வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் இறந்துபோனார். எல்லாரும் சுழியோடிகளைப் பற்றிக் கதைப்பார்கள். எனக்கு மனதில் நிற்பது வாசல் பலகை. ஜூலை முதல் நவம்பர் வரை வெள்ள அபாயம், உள்ளே போகாதே என்று பலகை இருந்தது. அவர்கள் போனது ஜூனில். பலகைப்படி பார்த்தால் பிழையே செய்யவில்லை.

இதனால்தான் எனக்கு விதிப் பட்டியலில் நம்பிக்கை போனது. குகைக்குள் ஓடும் தண்ணி குகை வாசலில் பெய்த மழை இல்லை. மேலே மலை முழுக்கப் பெய்தது, வெடிப்பு வெடிப்பாக இறங்கி, ஒரு மணி, இரண்டு மணி பிந்தி வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். தண்ணியின் நிறம் கலங்கினால், இலை தழை மிதந்து வந்தால், ஓசை மாறினால் சாமானை விட்டுவிட்டு ஏறுங்கள். சுவரைப் பாருங்கள், தலைக்கு மேலே வெடிப்பில் குச்சியும் சருகும் செருகி இருந்தால் தண்ணி போனமுறை அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. யாரும் பலகை எழுதத் தேவையில்லை, தண்ணியே எழுதி வைத்திருக்கிறது.

முழங்காலுக்குக் கீழே என்பது நீ பார்த்த அந்த நிமிடத்துக்கு மட்டும், தம்பி.

ஜூன் 6

மறந்தது. நாலு பேருக்குக் குறையாமல் போங்கள். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் பக்கத்தில் இருக்க, இருவர் வெளியே போகலாம். உள்ளே சிக்னல் வராது. அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அந்த ஒருவர் பயப்படுகிற ஆளாக இருப்பது நல்லது. அம்மா எல்லாவற்றையும்விட நல்ல தெரிவு.

ஜூலை 21

கடவத்தை ரோட்டில் தூரியன் வந்துவிட்டது. இதற்கும் குகைக்கும் தொடர்பு உண்டு, கொஞ்சம் பொறுங்கள்.

தூரியன் பூ இரவில் மலரும். மகரந்தம் கொண்டுபோகிற வேலையை வௌவால்கள்தான் பெரும்பாலும் பார்க்கின்றன. சின்ன வௌவால்கள் பூச்சி தின்னும். இதைத் தூரியனை வாயில் வைத்திருக்கும்போது சொன்னால் மக்கள் கேட்கிறார்கள். வௌவால் நாறுது, அடிச்சு விரட்டினா என்ன என்று கேட்ட அதே ஆள், பழத்தின் நாற்றத்தை ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வௌவால் கூடும் இடத்தில் சத்தம், ஃபிளாஷ், நேர் வெளிச்சம் வேண்டாம். குட்டியைச் சுமந்திருக்கும் தாய் பயந்து பறந்தால் குட்டி விழும், விழுந்தால் அநேகமாக முடிந்தது. காய்ந்த எச்சத்தைக் காலால் கிளப்ப வேண்டாம், அந்தத் தூசியோடு ஒரு பூஞ்சை நெஞ்சுக்குள் போகும், ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்பார்கள். கொரோனா காலத்து என்95 மிச்சம் இருந்தால் இதற்குப் பயன்படுத்துங்கள். துணி மாஸ்க் சரிவராது. உள்ளே தலையிடித்து மூச்சு வாங்கத் தொடங்கினால் காரணம் தேடாமல் வெளியே வாருங்கள், காற்றோட்டம் இல்லாத பள்ளங்களில் கரியமில வாயு தேங்கும்.

முன்பு வேறொரு இடத்தில், அமெரிக்க வௌவால்களுக்கு 2006இலிருந்து வந்த வெண்மூக்கு நோய் இங்கேயும் வந்துவிடும் என்று பயங்காட்டியிருந்தேன். அது மிகை. அந்தப் பூஞ்சை குளிர் குகையில், குளிர்காலத் தூக்கம் போடும் வௌவாலைத்தான் பிடிக்கும். எங்கள் வௌவால்களுக்கு அந்தக் குளிரும் இல்லை, அந்தத் தூக்கமும் இல்லை. ஆனாலும் ஒரு குகையின் சேற்றை அடுத்த குகைக்குச் சுமக்காமல் சப்பாத்தைக் கழுவுங்கள்.

ஜூலை 22

வௌவாலுக்குப் பயப்படுகிறவர்கள் குளவியை மறந்துவிடுகிறார்கள். பெரிய மலைத்தேனீயைத்தான் நாங்கள் குளவி என்போம். பாறை நெற்றியில் தொங்கும் கறுப்புப் பலகை மாதிரிக் கூடு தெரிந்தால் திரும்புங்கள், அவ்வளவுதான். சீகிரியாவில் சத்தம் போடாதே என்று பலகை வைத்திருப்பது சும்மா இல்லை. என் அம்மாவுக்குக் கொழுந்து மலையில் கொட்டி மூன்று நாள் ஆஸ்பத்திரி. அன்றைக்கு யாரும் கூட்டில் கல் எறியவில்லை. மேலே பருந்து ஒன்று உரசிவிட்டது.

ஆகஸ்ட் 19

இதை எழுதலாமா என்று ஒரு நாள் யோசித்தேன்.

நேற்று வத்தளைப் பொடியனும் இன்னும் மூன்று பேரும் என்னோடு வந்தார்கள். எல்லாம் ஒழுங்கு. ஆளுக்கு மூன்று விளக்கு, நாடி வார் கட்டிய ஹெல்மெட், வானம் இரண்டு நாளாகத் தெளிவு. துளி எண்ணினோம், 140. டொபிக் கடதாசியைப் பொடியன் தானாகவே பையில் போட்டான். நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்பினேன்.

டிக்.

சின்னச் சத்தம். மெழுகுதிரி நுனி ஒடிவது மாதிரி. என் ஹெல்மெட் பட்டு ஒரு குழல் முறிந்து தோளில் விழுந்து தரையில் மூன்று துண்டாகிவிட்டது. எல்லா டோர்ச்சும் என் முகத்துக்கு வந்தது. சேர்த்து வைத்துப் பார்த்தால் என் சுண்டுவிரல் நீளம், ஏழு சென்ரிமீற்றர் இருக்கும்.

"அண்ணா, இது எத்தனை வருசம்?" என்று கேட்டான். கணக்கை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தானே. எழுநூறு என்று அவனே சொன்னான்.

துண்டுகளை எடுக்கவில்லை. ஒருவன் "நினைவுக்கு ஒண்ணு கொண்டுபோவமா, இனி உடைஞ்சதுதானே" என்றான். பொடியன் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான். முறிந்த இடத்தில் கூரையில் ஒரு வெள்ளை வட்டம், நடுவில் ஓட்டை. அதில் புதுத் துளி ஒன்று வந்து நின்றது.

பதினேழு வருடமாகப் போகிறேன். எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

ஆகஸ்ட் 21

ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி. குழல்கள் தடித்த விழுதுகளைவிட வேகமாக வளரும், வெப்ப நாட்டில் இன்னும் வேகம், நூறு வருடமாகக்கூட இருக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். இருக்கட்டும். நூறு வருடம் என்றால் எங்கள் பாட்டன் தோட்டத்தில் பேர் பதிந்த காலம்.

இனி ஆட்களைக் கூட்டிப்போவதில்லை என்று நேற்று இரவு எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். முதல் நாள் அந்த ஃபிரெண்ட் சொன்னது இதைத்தானே. காலையில் பொடியன் கடைக்கு வந்தான். அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. ஹெல்மெட்டுக்கு மேலே ஒட்டுவதற்குச் சிவப்பு ரேப் இருக்கா என்று கேட்டான். எதற்கு என்றேன். "பின்னால வாறவன் முன்னால போறவன்ட தலையைப் பார்த்து, மேல இருக்கு என்று சொல்லணும் அண்ணா. தனக்குத் தன் தலை தெரியாதுதானே."

22 விதியில் இது இல்லை.

ரேப் 80 ரூபாய், காசு வாங்கவில்லை.

செப்டம்பர் 17

நீண்ட லீவு முடிந்தது. பொடியன் தன் தங்கச்சியையும் சொந்தக்காரப் பிள்ளைகள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு தானே போயிருக்கிறான். நேற்றுப் பகல் ஒரு படம் அனுப்பினான். குகைக்குள் எடுத்ததில்லை. வேனுக்குள் எல்லாரும் மடியில் ரோல்ஸ் வைத்துத் தின்றுகொண்டிருக்கிறார்கள், கண்ணாடிக்கு வெளியே தூரத்தில் மலை, மலையின் தலையில் கறுப்பு. கீழே எழுதியிருந்தான்: "இங்க வெயில். மேல கருக்கல். போகல்ல. தங்கச்சி கோபம்."

அந்தத் தங்கச்சி வருகிற மாதம் வரட்டும். போவதற்கு முன் டோர்ச் பார்க்க வேண்டியவர்கள் சனிக்கிழமை இரண்டு மணிக்கு முன் கடைக்கு வாருங்கள், தராசு வெளியே வைத்திருப்பேன். ஞாயிறு பூட்டு. செத்த பெட்டரிகளையும் கொண்டுவாருங்கள், அதைக் குகையில் விட்டுவிட்டு வந்த ஆட்களை எனக்குத் தெரியும், இந்த முறை அது நான் இல்லை.